மதியிறுக்கம்: கண்டறிதலுக்குப் பின் குடும்பத்திற்கான ஆதரவு

மதியிறுக்கம் அல்லது ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலையாகும். பிறருடன் பழகுவதிலும் பேச்சிலும் வேறுபாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியன இதன் பொதுவான அடையாளங்கள். இதைக் காட்டித்தரும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. குழந்தையின் நடத்தையை உற்றுநோக்கியும், பெற்றோரிடம் வளர்ச்சி வரலாற்றைக் கேட்டும் மருத்துவர் முடிவு செய்கிறார். இதைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. ஆகவே கண்டறிதலுக்குப் பின் குடும்பத்திற்குத் தேவைப்படுவது தொடர்ச்சியான ஆதரவாகும். பயிற்சி, சட்ட உரிமை, பிற பெற்றோரின் துணை என அதனை மூன்றாகப் பிரிக்கலாம்.

பெற்றோர் மீதான பழி

1943இல் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்தார். அதன்பின் 1950, 60களில், தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணம் என்ற கருத்து பரவியது. ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்று அத்தாய்மார் பழிக்கப்பட்டனர். மதியிறுக்கமுடைய மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லாண்டு, 1964இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்து, காரணம் உடலியல் சார்ந்தது என வாதிட்டார். மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது இன்று உறுதியாகியுள்ளது. தடுப்பூசியுடன் தொடர்புபடுத்திய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. வளர்ப்பு முறையோ, தாய் வேலைக்குச் சென்றதோ, கைப்பேசியோ இதற்குக் காரணம் எனக் கூறும் உறவினருக்குப் பெற்றோர் தரக்கூடிய விடை இதுவே.

பயிற்சி

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான நடுவண் அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் செயல்படுகிறது. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி ஆகியவை இத்தகைய மையங்களில் கிடைக்கின்றன. பயிற்சியைத் தொடங்கச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மையத்தில் குழந்தை செலவிடுவது சில மணி நேரமே. எஞ்சிய நேரம் வீட்டில்தான் கழிகிறது. தண்ணீர் வேண்டும்போது அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கும் குழந்தைக்கு, உடனே எடுத்துக் கொடுக்காமல் சற்றுப் பொறுத்து, தம்ளர் படத்தைக் காட்டி, “தண்ணி” என்று சொல்லிக் கொடுப்பதும் பயிற்சியே. படங்களைப் பயன்படுத்தினால் பேச்சு வராமல் போகும் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை.

சட்ட உரிமைகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளுள் மதியிறுக்கமும் ஒன்று. மருத்துவச் சான்றிதழையும் தனித்துவ அடையாள அட்டையையும் பெறும் வழிமுறையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அறியலாம். குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எனச் சான்று பெற்றால், 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதியாகும். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரையிலான மருத்துவச் செலவை ஏற்கிறது.

பிற பெற்றோரின் துணை

மதியிறுக்கம் சார்ந்த பல அமைப்புகளைத் தொடங்கியவர்கள் பெற்றோரே. 1962இல் பிரித்தானியாவின் தேசிய அமைப்பை உருவாக்கியவர்களுள் மருத்துவர் லோர்னா விங் ஒருவர். அவர் மதியிறுக்கமுடைய மகளின் தாய். தில்லியில் 1991இல் ‘ஆக்சன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பருவாவும் ஒரு தாயே. முடிவெட்டும் கடையில் அலறும் குழந்தையை எப்படிப் பழக்குவது, எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும் என்பன போன்றவற்றை, அதே நிலையைக் கடந்த மற்றொரு பெற்றோரே தெளிவாகச் சொல்ல முடியும். பயிற்சி மையத்தின் காத்திருப்பு அறையில் தொடங்கும் பேச்சே பலருக்கு இத்தகைய துணைக்கு வழியாகிறது.

இத்துணை பொய்யான வாக்குறுதிகளிலிருந்தும் காக்கிறது. முழுமையாகக் குணமாக்குவதாக உறுதி கூறி முன்பணம் கேட்பவர்களைத் தவிர்க்க வேண்டும். உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றுவதாகக் கூறப்படும் சிகிச்சை போன்றவை பயன் தராததோடு உயிருக்கும் ஆபத்தானவை.

எதிர்காலம்

“எங்களுக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள்?” என்பது பெற்றோரின் நீங்காத கேள்வி. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 இதனைக் கருத்தில் கொண்டே இயற்றப்பட்டது. 18 வயதைக் கடந்தவருக்குத் தேவை இருப்பின், மாவட்ட அளவிலான குழு வழியாகச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. எனினும் அந்தப் பொறுப்பை ஏற்கும் மனிதர்கள் ஒரே நாளில் கிடைப்பதில்லை. தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, உடன்பிறந்தோர் ஆகியோர் சிறுவயது முதலே குழந்தையின் மொழியையும் பழக்கங்களையும் அறிந்திருப்பது அதற்கான முதற்படியாகும்.