விலைவாசி இலக்கிலிருந்து உணவை நீக்கலாமா?

பணவீக்க இலக்கு பற்றிய ரிசர்வ் வங்கியின் கலந்தாய்வு அறிக்கைக்குக் கருத்து அனுப்ப 2025 செப்டம்பர் 18 கடைசி நாளாக இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று அறிக்கை வெளியானதிலிருந்து வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வந்தது. மழை பொய்த்தோ பெய்து கெடுத்தோ காய்கறி விலை ஏறினால், அதற்காக வீட்டுக் கடன் வட்டியை ஏற்றுவது என்ன நியாயம்? 2025 ஜூலை மாதப் பணவீக்கம் 1.55 சதவீதம்தான், இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்றும் சிலர் கேட்டார்கள். 4 சதவீத இலக்கின் ஐந்தாண்டுக் காலம் 2026 மார்ச் 31 வரையானது. அதற்குப் பிந்தைய காலத்துக்கு எடுக்கும் முடிவுதான் அடுத்த விலையேற்றத்தின்போது நம் தலையில் விடியும். அதனால் விலை தணிந்திருந்த அப்போதே பேச வேண்டியிருந்தது.

வரத்து குறைந்ததற்கு வட்டி என்ன செய்யும்?

எதுவும் செய்யாது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ விகிதத்தை எவ்வளவு ஏற்றினாலும் ஒரு கிலோ தக்காளிகூடக் கூடுதலாக விளையாது. வட்டியால் முடிந்ததெல்லாம் மக்கள் வாங்கும் அளவைக் குறைப்பது. வரத்து குறைந்த இடத்துக்கு வாங்குபவர்களையும் இறக்கிக் கொண்டுவந்து விலையை அடக்குவதுதான் அதன் வழி. அந்த வழியில் விலை அடங்கும். கூடவே வேலையும் வருமானமும் குறையும்.

ஆகவே வரத்துக் குறைவு நீடிக்குமா, தானே சரியாகுமா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி விலை முந்தைய ஆண்டைவிட மூன்று மடங்கானது, பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டது. ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.5 சதவீதத்திலேயே வைத்திருந்தது. அடுத்த அறுவடை சந்தைக்கு வந்தது. செப்டம்பரில் பணவீக்கம் 5.02 சதவீதம். வட்டி மாற்றம் கடைவீதிக்கு வந்து சேரச் சில காலாண்டுகள் ஆகும். தக்காளிக்கு இரண்டு மூன்று மாதங்கள் போதும். அன்று பொறுத்திருந்தது சரி.

2022 வேறு கதை. உக்ரைன் போரால் சமையல் எண்ணெய், கோதுமை, எரிபொருள் எல்லாம் சேர்ந்து ஏறின. ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம். ஜனவரி முதல் அக்டோபர் வரை ஒரு மாதம்கூட 6 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. விலையேற்றம் இப்படி மாதக்கணக்கில் நீண்டால், அது இனி இறங்காது என்ற எண்ணம் குடும்பங்களில் ஊன்றிவிடுகிறது. கொத்தனார் கூலியைக் கூட்டிக் கேட்கிறார்; கேட்பதில் நியாயம் இருக்கிறது. முடிவெட்டும் கடை, ஆட்டோ, தையல், ட்யூஷன் என்று கட்டணங்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. எண்ணெய் விலை பிறகு இறங்கினாலும் ஏறிய கட்டணம் இறங்குவதில்லை. மத்திய வங்கி தடுக்க வேண்டியது இந்தப் பரவலைத்தான்.

உணவையும் எரிபொருளையும் கழித்துவிட்டுக் கணக்கிடும் 'மையப் பணவீக்கம்' அந்தப் பரவலைப் பிந்தித்தான் காட்டும். 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையோ உணவு நீங்கலான பணவீக்கத்தை இலக்காக்குவது பற்றி யோசிக்கலாம் என்றது. ஏழைகளின் சுமையை நேரடிப் பணமோ கூப்பனோ கொடுத்துச் சமாளிக்கலாம் என்றும் சொன்னது. கொடுக்கப்போகும் பணம் எவ்வளவு, யாருக்கு என்று எந்த உறுதியும் இல்லாமல், இருக்கும் காவலை முதலில் அகற்றச் சொல்வதை ஏற்க முடியாது. 2025-இல் நடைமுறையில் இருந்த விலைக் குறியீட்டில் உணவின் பங்கு 45.86 சதவீதம். 2011-12 செலவுக் கணக்கில் எடுத்த இந்த எண் பழையது என்பது உண்மை. ஆனால் 2023-24 கணக்கெடுப்பிலும் கிராமக் குடும்பச் செலவில் உணவு 47 சதவீதம், நகரத்தில் ஏறக்குறைய 40. செலவில் ஏறக்குறைய பாதியை விட்டுவிட்டு விலைவாசி கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னால் எந்தக் குடும்பம் நம்பும்?

வட்டியை ஏற்றினால் செலவு உண்மையிலேயே குறைகிறதா?

எனக்குப் பெரிய கவலை இங்குதான். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-இலிருந்து 6.5 சதவீதமானது. அதற்குச் சற்று முன்பு 6.75 சதவீத வட்டியில் 25 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனை 20 ஆண்டுகளுக்கு வாங்கிய குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 19,010 ரூபாய். வட்டி 2.5 புள்ளி கூடி 9.25 ஆனால், முழு அசலுக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 19,270 ரூபாய். அதாவது கடன் வாங்கிய புதிதில் முழுத் தவணையும் வட்டிக்கே பற்றாது. தவணையை அப்படியே வைத்துக் கால அளவை நீட்டுவதே வங்கிகளின் வழக்கமாக இருந்தது. அதனால் அந்தந்த மாதச் சந்தைச் செலவு குறையவில்லை. சுமை ஓய்வுக்காலத்துக்குத் தள்ளப்பட்டது. விலையைத் தணிக்க ஏற்றிய வட்டி, விலையைத் தணிக்காமலே குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தியது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது 2023 ஆகஸ்டில்தான், வட்டியெல்லாம் ஏறி முடிந்த பிறகு.

சிறுதொழிலுக்கு அந்த அவகாசமும் இல்லை. 2022 மேயில் ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது நூல் விலையை எதிர்த்துத் திருப்பூர் வேலைநிறுத்தம் செய்தது. அதே மாதம் வட்டியும் ஏறத் தொடங்கியது. ஒரு கோடி ரூபாய் சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கை முழுக்கப் பயன்படுத்தும் பனியன் கம்பெனிக்கு 2.5 புள்ளி என்றால் ஆண்டுக்கு 2.5 லட்சம் கூடுதல் செலவு. வாங்குபவரைக் கட்டுப்படுத்த ஏற்றிய வட்டி உற்பத்தி செய்பவரின் அடக்கவிலையையும் கூட்டிவிடுகிறது. இந்தச் சேதத்தை அதிகாரபூர்வ விளக்கங்கள் ஓரிரு வரியில் கடந்துபோகின்றன.

2025-இல் விலை குறைந்திருந்தது நல்ல செய்திதானே?

வாங்குபவருக்கு ஆம். ஆனால் அப்போது உணவு விலை ஓராண்டுக்கு முன்பைவிடக் குறைந்திருந்தது விவசாயியின் வருமானத்திலும் தெரியும்.

2025-இல் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரிக்கு வட்டிக் குறைப்பு மருந்தாகுமா?

அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் திருப்பூருக்கு அடி தேவைப் பக்கத்திலிருந்து வந்தது. அப்போதைய 5.5 சதவீத ரெப்போவைக் குறைத்தால் வட்டிச் செலவு குறையும், ஆர்டர் வராது.

4 சதவீத இலக்கு, 2 முதல் 6 வரையிலான வரம்பு பற்றி அறிக்கை என்ன சொன்னது?

இரண்டையும் கேள்வியாகவே வைத்திருந்தார்கள். இலக்கை விட்டுவிட்டு வரம்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியும் இருந்தது.

முடிவெடுப்பது யார்?

ரிசர்வ் வங்கியுடன் கலந்து மத்திய அரசு.

இலக்கு தவறினால்?

சராசரிப் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டு அந்த 2 முதல் 6 வரம்புக்கு வெளியே இருந்தால், ரிசர்வ் வங்கி காரணத்தை அரசுக்கு எழுத்தில் தர வேண்டும். 2022-இல் அது நடந்தது. அந்தக் கடிதத்தை அரசு வெளியிடவில்லை.

பொதுமக்கள் என்ன கேட்கலாம்?

இரண்டு கேட்கலாம்: உணவு இலக்கில் இருக்கட்டும், அடுத்த முறை தவறினால் அந்தக் கடிதம் பொதுமக்களுக்கும் வரட்டும்.