பழைய கேமுக்குப் புது விலை: எவ்வளவு கொடுத்தா நியாயம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுட்டு, வாசிக்க வசதியா அங்கங்கே சுருக்கியிருக்கேன்.)

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான். இருபது, முப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்த வீடியோ கேமை ஸ்டீம், ஸ்விட்ச், பிளேஸ்டேஷன்னு எல்லா இடத்துலயும் டவுன்லோடா திரும்ப விக்கிறாங்க. சிலது சில நூறு ரூபாய். சிலது நாலாயிரத்தைத் தாண்டுது. இந்த விலை நியாயமா?

கேட்ட உடனே ரெண்டு பதில் வரும். "பழைய கேம்தானே, சும்மாவே குடுக்கலாமே"ன்னு ஒண்ணு. "சின்ன வயசு ஞாபகம் ப்ரோ, எவ்வளவுன்னாலும் வாங்கிடுவேன்"னு இன்னொண்ணு. ரெண்டுமே சரியில்லைன்னு நான் நினைக்கிறேன். கேமோட வயசை வெச்சு விலையை எடை போட முடியாது. நம்ம ஞாபகத்தை வெச்சும் முடியாது. பார்க்க வேண்டியது ரெண்டு விஷயம்தான். திரும்ப விக்கிறதுக்காகப் புதுசா என்ன வேலை பார்த்திருக்காங்க? காசு குடுத்த பிறகு நம்ம கையில என்ன மிஞ்சுது?

"நான்தான் ஏற்கனவே வாங்கிட்டேனே?"

முதல்ல இந்த வாதத்தைப் பார்த்துடலாம். அமெரிக்காவுல ஒருத்தர் 1988-ல கடையில காசு குடுத்து கான்ட்ரா வாங்கியிருப்பார். "அதே கேமுக்கு நான் எதுக்குத் திரும்ப காசு தரணும்?"னு அவர் கேட்டா, அந்தக் கேள்வியில அர்த்தம் இருக்கு. நம்ம கதை வேற.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடி, திருச்செந்தூர் பக்கம். எங்க தெருவுல வீடியோ கேம்னா, டிவியில ஒயர் மாட்டுற ஒரு பெட்டி, அதுல சொருகுற ஒரு கேசட். கேசட் மேல '9999999 இன் 1'னு போட்டிருக்கும். உள்ள நிஜமா இருக்கிறது பத்து, இருபது கேம்தான். மிச்சமெல்லாம் அதே மரியோ, அதே கான்ட்ரா, வேற வேற லெவல்ல இருந்து ஆரம்பிக்கும். ஓடலைன்னா கேசட்டை எடுத்து ஊதணும், திரும்பச் சொருகணும். 90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸ் ரெண்டு பேருக்கும் இந்த வைத்தியம் தெரியும்.

அந்தப் பெட்டிங்க எல்லாம் நின்டெண்டோ 1983-ல ஜப்பான்ல வெளியிட்ட ஃபேமிகாமோட நகல். கான்ட்ராவைச் செஞ்சது கொனாமி. நாம குடுத்த காசு கடைக்காரருக்கும் நகல் பெட்டி செஞ்சவங்களுக்கும் போச்சு, கொனாமிக்குப் போகல. பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குல ஆடின ஜிடிஏ வைஸ் சிட்டிக்கும் இதே கதைதான். காசு சிஸ்டத்துக்கு, கேமுக்கு இல்ல.

இதைக் குத்தம் சொல்றதுக்காகச் சொல்லல. ஒரிஜினலை வாங்க எங்க ஊர்ல அப்போ வழியே கிடையாது. ஆனா "ஏற்கனவே வாங்கிட்டேன்"ங்கிற வாதம் நம்மள்ல பாதிப் பேருக்குப் பொருந்தாது. நமக்கு ரீ-ரிலீஸ்தான் பெரும்பாலும் முதல் வாங்குதல். அதனாலயே விலையை நல்லா விசாரிச்சு வாங்கணும்.

நகலுக்குச் செலவில்லை, அப்புறம் எதுக்கு விலை?

உடன்குடின்னாலே கருப்பட்டிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 2023-ல புவிசார் குறியீடும் கிடைச்சது. அந்தக் கருப்பட்டி விலை எங்கிருந்து வருதுன்னு யோசிங்க. ஒருத்தர் பனை ஏறி பாளை சீவணும், சுண்ணாம்பு தடவின கலயத்துல பதனீர் இறக்கணும், அதை அடுப்புல காய்ச்சணும், அச்சுல ஊத்தணும். அடுத்த கிலோ வேணும்னா இத்தனையும் முதல்ல இருந்து திரும்பச் செய்யணும். அதனால விலைக்கு அடியில ஒரு கூலிக் கணக்கு இருக்கு. யாராவது ரொம்பக் குறைச்சு வித்தா, "சீனி கலந்திருப்பானோ"ன்னு சந்தேகப்படலாம்.

கேம்ல இந்தக் கணக்கு வேலை செய்யாது. கான்ட்ராவோட என்இஎஸ் வடிவம் மொத்தமே 128 கிலோபைட். வாட்ஸ்அப்ல வர்ற ஒரு போட்டோ அளவு. முதல் பிரதியைச் செய்யத்தான் பெரிய செலவு. ரெண்டாவதுல இருந்து நகல் எடுக்க ஏறக்குறைய ஒண்ணுமே ஆகாது. அந்த முதல் செலவும் 1980-கள்லயே வசூலாகிடுச்சு.

அப்போ விலையை எது தீர்மானிக்குது? வேற யாரும் அதை விக்க முடியாதுங்கிற உரிமை. நம்ம நாட்டுல 1957 காப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பு கணக்குல வெச்சிருக்கு. பாதுகாப்பு காலம் அறுபது வருஷக் கணக்குல ஓடும். எதிர்க்கடைன்னு ஒண்ணு கிடையாது. அதனால விலைச்சீட்டைப் பார்த்து ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. உள்ள என்ன வேலை நடந்திருக்குன்னு பார்த்தாதான் தெரியும்.

முதல் வகை: எமுலேட்டர்ல போட்டுக் குடுக்கிறது

பழைய கேம் பழைய சிப்புக்காக எழுதினது. என்இஎஸ் சிப் சுமார் 1.79 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும். புது மெஷின்ல அந்தச் சிப் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர்தான் எமுலேட்டர். நடிப்பு சரியா இருக்கணும். பட்டனை அமுக்கினதுக்கும் மரியோ குதிக்கிறதுக்கும் நடுவுல கண் இமைக்கிற நேரம் தள்ளிப் போனாலும் கை கண்டுபிடிச்சிடும். சத்தத்தோட சுருதி மாறினா காது கண்டுபிடிச்சிடும். ஆக இதுவும் நிஜமான வேலைதான். ஆனா எமுலேட்டர் ஒரு தடவை செஞ்சா டஜன் கணக்குல கேமுக்கு உதவும். இலவச எமுலேட்டரும் நிறைய இருக்கு. சோனியே 2018-ல 100 டாலருக்கு வித்த பிளேஸ்டேஷன் கிளாசிக் பெட்டிக்குள்ள, பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டுங்கிற ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டரைத்தான் போட்டிருந்தது.

இந்த வகைக்குச் சந்தையில ஒரு அளவுகோல் இருக்கு. 2006-ல வீ-யோட வெர்ச்சுவல் கன்சோல் வந்தப்போ ஒரு என்இஎஸ் கேம் 5 டாலர். ஹாம்ஸ்டர் கம்பெனியோட ஆர்கேட் ஆர்கைவ்ஸ் ஒவ்வொண்ணும் 8 டாலர். 2019 ஜூன்ல கொனாமியோட கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் பத்து கேம் சேர்த்து 20 டாலர். அன்னைக்கு மதிப்புல சுமார் 1,400 ரூபாய். கேமுக்கு ரெண்டு டாலர். அந்தப் பத்துல அதே கேமோட வேற நாட்டு வடிவங்களும் சேர்த்திதான். ஆனாலும் எனக்கு இது ஏத்துக்கக்கூடிய விலை. ஒத்தை என்இஎஸ் கேமுக்கு 8 டாலர் கேட்டா நான் யோசிப்பேன்.

ரெண்டாவது வகை: நிஜமா வேலை பார்த்தது

ஹாஸ்டல் லேன்ல ராத்திரி முழுக்க ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடினவங்க கை தூக்குங்க. 1999-ல வந்த கேம். 2019 நவம்பர்ல டெஃபினிட்டிவ் எடிஷன் வந்துச்சு. விலை 20 டாலர். 4கே படம், புதுசா நாலு நாகரிகம், புது கேம்பெயின்கள், பழைய எக்ஸ்பான்ஷன்கள் எல்லாம் உள்ளடக்கம். இதைச் செஞ்ச ஃபர்காட்டன் எம்பயர்ஸ் குழு, ஒரு காலத்துல ரசிகர்களா மாட் செஞ்சவங்க.

அதோட நிக்கல. 2022 ஏப்ரல்ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியான்னு 10 டாலர் டிஎல்சி. முன்னாடி மொத்த துணைக்கண்டத்துக்கும் சேர்த்து 'இந்தியன்ஸ்'னு ஒரே நாகரிகம்தான் இருந்துச்சு. இதுல அதைப் பிரிச்சு வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள்னு தனித்தனியா குடுத்தாங்க. திராவிடர்களுக்கு உருமி வீசுற வீரன் உண்டு, திரிசடைன்னு பெரிய கப்பல் உண்டு, ராஜேந்திர சோழனுக்கு முழு கேம்பெயினே உண்டு. இருபத்துமூணு வருஷம் பழைய கேம்ல சோழக் கப்பல் படை! இந்த மாதிரி இடத்துல நான் பழைய கேமுக்குக் காசு குடுக்கல. இப்போ உக்காந்து வேலை பார்க்கிற ஒருத்தருக்குச் சம்பளம் குடுக்கிறேன். வித்தியாசம் புரியுதுல்ல?

இன்னொரு நல்ல உதாரணம் அடாரி 50. டிஜிட்டல் எக்லிப்ஸ் 2022-ல செஞ்சது. 40 டாலருக்கு நூத்துக்கு மேல கேம். அதோட பழைய வரைபடங்கள், கேமை எழுதினவங்களோட வீடியோ பேட்டி எல்லாம் கால வரிசையில இருக்கும். ஒரு மியூசியம் டிக்கெட் மாதிரி நினைச்சுக்கலாம்.

மூணாவது வகை: பேர் பெருசு, வேலை அரைகுறை

என் சித்தி பையன் புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கான், தூத்துக்குடியில. போன்ல கேட்டான்: "அண்ணே, வைஸ் சிட்டி புது எடிஷன் வாங்கட்டா? பழைய ஞாபகமா இருக்கு." அவன் சம்பளத்துல அது சின்னக் காசு இல்ல. அதனால அந்தக் கதையை அவனுக்கு முழுசா சொன்னேன்.

ஜிடிஏ ட்ரிலாஜி டெஃபினிட்டிவ் எடிஷன் 2021 நவம்பர்ல வந்துச்சு. 60 டாலர், அன்னைக்குச் சுமார் 4,500 ரூபாய். மூணு கேம் இருக்கு, கணக்குப் பார்த்தா ஒண்ணு 20 டாலர்தானேன்னு தோணும். ஆனா வந்த அன்னைக்கு மழை பெஞ்சா ரோடு தெரியல. கடைப் பலகையில எழுத்துப் பிழை. கேரக்டர் முகமெல்லாம் களிமண் பொம்மை மாதிரி. அதைவிட மோசம், ரிலீஸுக்கு முந்தின மாசமே பழைய ஒரிஜினல் மூணையும் ஆன்லைன் கடைகள்ல இருந்து ராக்ஸ்டார் எடுத்துடுச்சு. ஆட்கள் கொந்தளிச்ச பிறகு மன்னிப்பு கேட்டு, பிசி ஒரிஜினல்களைத் திரும்பக் குடுத்தாங்க. பெரிய சீர்திருத்த அப்டேட் பிசி, கன்சோலுக்கு வந்தது 2024 நவம்பர்ல. முதல் நாள் காசு கட்டினவங்க மூணு வருஷம் காத்திருந்தாங்க. நடுவுல 2023 டிசம்பர்ல நெட்ஃபிளிக்ஸ் சந்தா வெச்சிருந்தவங்களுக்கு அதே மூணு கேமும் மொபைல்ல தனிக் காசு இல்லாம கிடைச்சது.

இன்னொண்ணு. பழைய வைஸ் சிட்டியில கார் ரேடியோவுல மைக்கேல் ஜாக்சனோட பில்லி ஜீன் ஓடும். பாட்டு உரிமம் முடிஞ்சதால 2012-லயே ஸ்டீம் வடிவத்துல இருந்து எடுத்துட்டாங்க. புது எடிஷன்லயும் கிடையாது. அவன் எந்த ஞாபகத்துக்காக வாங்க நினைச்சானோ, அதுல ஒரு துண்டு உள்ளயே இல்ல. "பெரிய தள்ளுபடி வரட்டும்டா, அதுவரை பொறு"ன்னேன்.

நின்டெண்டோவும் சளைச்சதில்ல. 2020 செப்டம்பர்ல சூப்பர் மரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ், மூணு கேம் 60 டாலர். 2021 மார்ச் 31-க்கு அப்புறம் விக்க மாட்டோம்னு முதல்லயே சொல்லிட்டாங்க, டவுன்லோடையும் சேர்த்து. டவுன்லோடுக்கு ஸ்டாக் தீருமா? தீராது. அவசரப்படுத்தி வாங்க வைக்கிறதுக்கான கெடு அது.

காசு குடுத்தா கையில என்ன மிஞ்சும்?

அந்தப் பழைய கேசட் இன்னைக்கும் வீட்டுப் பரண்ல இருந்தா, அது உங்களோடது. தம்பிக்குக் குடுக்கலாம், பழைய கடையில போடலாம். டவுன்லோட்ல அப்படி இல்ல. வீ ஷாப் சேனல் 2019 ஜனவரியில மூடியாச்சு. 3டிஎஸ், வீ யு கடைகளை 2023 மார்ச்ல மூடினாங்க. வெர்ச்சுவல் கன்சோல்ல அஞ்சு டாலர் குடுத்து வாங்கின மரியோ, அடுத்த மெஷினுக்குத் தானா வராது. கலிஃபோர்னியாவுல புதுச் சட்டம் வந்த பிறகு, 2024 அக்டோபர்ல இருந்து ஸ்டீம் பில் போடுற பக்கத்துலயே சொல்லிடுது: நீங்க வாங்குறது உரிமம் மட்டும்தான்.

இதுல ஜிஓஜி கொஞ்சம் வேற மாதிரி. பழைய பிசி கேம்களுக்காகவே 2008-ல ஆரம்பிச்ச கடை. இன்ஸ்டாலரை டவுன்லோட் பண்ணி ஹார்ட் டிஸ்க்ல வெச்சுக்கலாம், பூட்டு கிடையாது. நாளைக்கு அந்தக் கடையே போனாலும் உங்க கேம் ஓடும். ஒரே விலைன்னா நான் அங்கதான் வாங்குவேன்.

அப்போ எமுலேட்டர்ல இலவசமா ஆடிட்டா போச்சேன்னா?

ஒரு விஷயம் யோசிங்க. அமெரிக்காவுல 2010-க்கு முன்னாடி வந்த கேம்கள்ல 87 சதவீதம் இன்னைக்கு முறைப்படி வாங்கவே கிடைக்காதுன்னு வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. விலை கூடுதல்ங்கிறதைவிடப் பெரிய பிரச்சினை, விலையே இல்லாம அழியுறது. நல்லா செஞ்ச ரீ-ரிலீஸை யாருமே வாங்கலைன்னா, அடுத்த பழைய கேமை எடுத்துத் தூசி தட்ட எந்தக் கம்பெனியும் ஆள் போடாது. மோசமா செஞ்சதை அப்படியே வாங்கிட்டே இருந்தா, நல்லா செய்யணும்ங்கிற அவசியமே அவங்களுக்கு வராது. ரெண்டும் நம்ம கையிலதான் இருக்கு.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க:

1. புதுசா வேலை நடந்திருக்கா, இல்ல எமுலேட்டர்ல போட்டது மட்டுமா? போட்டது மட்டும்னா, கேமுக்கு ரெண்டு மூணு டாலர்தான் என் கணக்கு.
2. பழசுல இருந்த பாட்டு, லெவல் எதையாவது எடுத்துட்டாங்களா? ஒரிஜினலைக் கடையில இருந்து தூக்கிட்டாங்களா?
3. இன்ஸ்டாலரை நானே வெச்சுக்கலாமா, இல்ல கடையோட சேர்ந்து அதுவும் போயிடுமா?
4. ரூபாய் விலை நம்ம ஊருக்காகப் போட்டதா? ஸ்டீம் 2015-ல இருந்து ரூபாயில விக்குது. சில கம்பெனி குறைச்சுப் போடும், சில கம்பெனி டாலரை அப்படியே பெருக்கி வெச்சிடும். விலைச்சீட்டைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.

நாலுல மூணுக்கு நல்ல பதில் வந்தா முழு விலை குடுங்க, மனசார குடுங்க. ரெண்டு வந்தா விஷ்லிஸ்ட்ல போட்டுட்டு சேலுக்குக் காத்திருங்க. ஒண்ணுதான் வந்துச்சுன்னா விட்டுடுங்க, கேமுக்கா பஞ்சம்?

நீங்க முழு விலை குடுத்து வாங்கி, "இது வொர்த்"னு நினைச்ச பழைய கேம் எது? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட் ஆரம்பத்துல சிலதைப் போடுறேன்.