திருவல்லிக்கேணி மேன்ஷன்கள்

சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல். அதற்குக் கூப்பிடு தூரத்தில் திருவல்லிக்கேணி. 1913-ல் கணித மேதை ராமானுஜனுக்குப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தபோது, அவர் குடியிருந்தது இங்கே, அனுமந்தராயன் கோயில் தெருவில்.

மேன்ஷன்கள் வந்தது பிற்பாடு. படிக்க வந்தவர், வேலை தேடி வந்தவர், சினிமா ஆசையில் ரயிலேறியவர் என்று வெளியூர்ப் பிரம்மச்சாரிகள் அடைந்துகிடந்த அறைகள். ஒரு கட்டில், கடகடக்கும் மின்விசிறி, சன்னல் கம்பியில் காயும் பனியன். காலையில் குளியலறை வாசலில் வாளியோடு வரிசை. கீழே மெஸ்ஸிலிருந்து சாம்பார் வாசம் ஏறிவிட்டால் வரிசையில் பொறுமையும் போய்விடும்!

பிறகு கணினி நிறுவனங்கள் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போயின. பின்னாலேயே வேலை தேடி வந்த பிள்ளைகளும் வேளச்சேரி, சோழிங்கநல்லூர் விடுதிகளுக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். சில மேன்ஷன்கள் இன்று நாள்வாடகை லாட்ஜுகள்.

திருவல்லிக்கேணியின் பாரதி சாலை மட்டும், பெரியவர்கள் வாயில் இன்னும் பைகிராஃப்ட்ஸ் ரோடுதான். அதன் நடைபாதையில் பழைய புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். சொன்ன விலைக்கு வாங்கிவிடாதீர்கள். இரண்டடி நகர்ந்தால் கடைக்காரரே கூப்பிடுவார்.