‘டேக்’ என்னும் ஆங்கில வினையும் தமிழின் ‘எடு’வும்: ஒரு பொருண்மை நோக்கு

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் வினைகளுள் ‘டேக்’ என்பதும் ஒன்று. இதனை எவ்விடத்தும் ‘எடு’ என்றே பெயர்க்கும் போக்கினை மலேசியத் தமிழ் மாணவர்தம் எழுத்தில் நாம் காண்கின்றோம். ‘பேருந்து எடுத்து வந்தேன்’, ‘தேர்வு எடுத்தேன்’ என்பன அதற்குச் சான்றுகள். இப்போக்கினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘டேக்’ ஆங்கிலத்தின் தொல்வழக்கன்று. பழைய ஆங்கிலத்தில் இப்பொருளில் வழங்கிய சொல் ‘நிமன்’ என்பதாகும். ஸ்காண்டிநேவியர் இங்கிலாந்தில் குடியேறியதன் பயனாகப் பழைய நோர்ஸ் மொழியின் ‘டாக்கா’ அங்குப் புகுந்து, காலப்போக்கில் ‘நிமன்’ வழக்கொழியக் காரணமாயிற்று. ‘நிமன்’ என்பதன் உறவுச்சொல்லான ‘நேமென்’ ஜெர்மன் மொழியில் இன்றும் வழங்குகின்றது.

கையால் பற்றுதல் என்பதே ‘டேக்’ வினையின் மையப்பொருள் எனலாம். ஆயினும், அது கொள்ளும் செயப்படுபொருளுக்கேற்பத் தமிழ் வினை வேறுபடுகின்றது. நூலாயின் ‘எடு’, மருந்தாயின் ‘உட்கொள்’, தேர்வாயின் ‘எழுது’, குழந்தையைப் பள்ளிக்கு ‘அழைத்துச் செல்’, இரண்டு மணி நேரம் ‘ஆகும்’ அல்லது ‘பிடிக்கும்’. இடைச்சொல் சேரின் பொருள் மேலும் விரியும். ‘டேக் ஆஃப்’ என்பது விமானத்திற்குப் ‘புறப்படு’ என்றும், காலணிக்குக் ‘கழற்று’ என்றும் பொருள்படும். ‘டேக் ஆஃப்டர்’ என்பது பெற்றோரை ஒத்திருத்தலாகும்.

இப்போக்கிற்கு மலாய்மொழியின் செல்வாக்கே காரணமோ எனும் ஐயம் எழலாம். மலாயில் தேர்வுக்கு ‘அம்பில்’, அதாவது ‘எடு’, என்னும் வினை வழங்குவது உண்மையே. எனினும், பேருந்துக்கு ‘நாய்க்’ (ஏறு) என்பதும், மருந்துக்கு ‘மாக்கான்’ (உண்) என்பதுமே அம்மொழியின் இயல்பான வழக்கு. எனவே, ‘பேருந்து எடுத்து’ என்பதற்கு ஆங்கிலமே மூலம் எனக் கருத இடமுண்டு.

‘எடு’வுக்குத் தமிழில் தனிப் பொருட்பரப்பு உண்டு. பசி எடுக்கின்றது, விழா எடுக்கின்றனர், மன்னன் படை எடுக்கின்றான். இவற்றுள் எதனையும் ‘டேக்’ என்று பெயர்த்தல் இயலாது. மேலும், ‘வண்டியை எடு’ என்பது தமிழில் அதனை ஓட்டிச் செல்லுதலைக் குறிக்கும். ஆகவே, ‘பேருந்து எடுத்து வந்தேன்’ என்று எழுதும் மாணவர், தாம் அறியாமலேயே பயணியை ஓட்டுநராக்கிவிடுகின்றார். இது வெறும் நடைக்குறை அன்று, பொருட்பிழையாகும்.

எனவே, மொழிபெயர்க்கும்போது வினையை மட்டும் நோக்காது, அது தழுவும் பெயரையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். அப்பெயருக்குத் தமிழ் மரபு எவ்வினையை வழங்கியுள்ளது என வினவும் பழக்கத்தை மாணவரிடையே வளர்த்தல் ஆசிரியர் கடனாகும்.