இடுப்பெலும்பு முறிந்தால் உள்ளமும் முறிய வேண்டுமா?



பஜ்ருக்கு ஒளூச் செய்யச் சென்ற மூதாட்டி ஈரத்தரையில் வழுக்கி விழுகிறார். தொடை எலும்பின் மேற்பகுதி இடுப்பருகே முறிந்து விடுகிறது. அறந்தாங்கி, மீமிசல், கோட்டைப்பட்டினம் பகுதிகளில் இத்தகைய செய்தியைக் கேள்விப்படாத குடும்பம் குறைவு. வெளிநாட்டுப் பிள்ளைகள் பணம் அனுப்ப, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. எனினும் உம்மா எழுந்து நடப்பதில்லை. உணவு இறங்குவதில்லை, உறக்கமில்லை, பேரப்பிள்ளைகளிடமும் பேச்சில்லை. "இனி எனக்கு மவ்த்துதான்" என்கிறார். வீட்டாரோ, வயதாகிவிட்டது, மறுமைச் சிந்தனை வந்துவிட்டது என்று இருந்து விடுகின்றனர்.

வாரக்கணக்கில் நீடிக்கும் இந்நிலை பெரும்பாலும் மறுமைச் சிந்தனையன்று. மனச்சோர்வு என்னும் நோய். மறுமையை நினைப்பவருக்குத் தொழுகையிலும் துஆவிலும் ஆர்வம் கூடும். இவருக்கோ தஸ்பீஹைக் கையிலெடுக்கவும் மனம் வராது. துன்பத்திற்காக மரணத்தை ஆசைப்படலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது உண்மையே. ஆனால் அதைச் சொல்லி நோயாளியைக் கடிந்து கொள்வது முறையன்று. அவருடைய பேச்சு சிகிச்சை தேவை என்பதற்கான அறிகுறி.

இந்த முறிவில் இயன்றவரை இரண்டு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை, மறுநாளே வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்றல் என்பதே இன்றைய மருத்துவ முறை. படுத்தே கிடந்தால் தசை மெலியும், படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். மனம் சோர்ந்தவர் பயிற்சிக்கு இணங்க மாட்டார். பயிற்சியின்றி நடை வராது; நடை வராததால் சோர்வு இன்னும் மிகும். இதில் பாசமுள்ள பிள்ளைகளே தவறிழைத்து விடுகிறார்கள். "நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும், படுத்திருங்கள் உம்மா" என்று சோற்றையும் ஊட்டி விடுகிறார்கள். கீரை ஆய்வதையும், பிள்ளைகளின் ஓதலைக் கேட்டுத் திருத்துவதையும் அவரிடமே விட்டு வையுங்கள்.

நோய் விசாரிக்கச் சென்ற இடங்களில் நான் அதிகம் கேட்ட அழுகை, "என் ஸஜ்தா போய்விட்டதே" என்பதுதான். அண்ணல் நபி (ஸல்) அவர்களே குதிரையிலிருந்து விழுந்து காயமுற்று, அமர்ந்து தொழுதிருக்கிறார்கள்; ஸஹாபாக்கள் சென்று நலம் விசாரித்திருக்கிறார்கள். நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. நலமாயிருந்தபோது செய்துவந்த அமல்களின் கூலி நோயுற்ற காலத்திலும் எழுதப்படுகிறது என்பது அபூமூஸா (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்தாகும். இம்மூன்றையும் அவருடைய கட்டிலருகே அமர்ந்து நிதானமாகச் சொல்லுங்கள்.

ஆறுதலோடு மருத்துவமும் வேண்டும். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்துண்டு என்ற நபிமொழியில் சிலர் 'முதுமை' என்ற சொல்லை மட்டும் பிடித்துக் கொள்கின்றனர். மனச்சோர்வு முதுமையன்று; முதுமையில் வரக்கூடிய, தீரக்கூடிய நோய். எலும்பு மருத்துவரிடமே இதையும் கூறி, மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும், இடையில் நிறுத்தலாகாது. தூக்க மாத்திரையை நாமாக வாங்கிக் கொடுத்தால் தள்ளாடி மீண்டும் விழ நேரும்.

புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2017 முதல் இயங்கி வருகிறது. 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டிற்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யலாம். மனநல ஆலோசனைக்கு 2022இல் தொடங்கிய 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆண் பயிற்சியாளர் வேண்டாம் என்று உம்மா மறுத்தால் பெண்ணைக் கேளுங்கள். கிடைக்காவிடில், மஹ்ரமானவர் உடனிருக்க, தேவையளவில் மார்க்கம் அனுமதிக்கிறது.

நோய் விசாரிக்கச் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி விழுந்து படுத்த படுக்கையாகி மவ்த்தானவர்களின் கதையை அங்கே எடுக்காதீர்கள். கால் மணி நேரம் அமர்ந்து ஊர்ச்செய்தி பேசி, அவர் வாக்கரைப் பிடித்து வாசல்வரை வரும்போது உடன் நடந்து விட்டு வாருங்கள்.