மிதமான குளிரும் இதய நலமும்

பெங்களூருவின் தட்பவெப்பம் இதமானது என்பது நாடறிந்த செய்தி. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இந்நகரை 'ஓய்வூதியம் பெறுவோரின் சொர்க்கம்' என்று முன்னர் அழைத்தனர். ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 16 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது; ஏப்ரல் மாதப் பகலில் 34 டிகிரி வரை உயர்கிறது. இங்கு பனிப்பொழிவு இல்லை. ஆயினும் பருவம் மாறும் வாரங்களில் இதயமும் மூளையின் இரத்தக் குழாய்களும் கூடுதல் சுமையைத் தாங்க நேரிடுகிறது. குளிர் கடுமையாக இல்லை என்ற எண்ணமே பலரது எச்சரிக்கையைத் தளர்த்திவிடுகிறது.

ஆய்வுகள் காட்டும் உண்மை

ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் நடத்தப்பெற்று 1997ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, வெப்பநிலை ஒரே அளவு குறையும்போது, குளிர் மிகுந்த பகுதிகளைக் காட்டிலும் குளிர்காலம் மிதமாக உள்ள பகுதிகளிலேயே இறப்புகள் அதிகம் உயர்வதைக் கண்டறிந்தது. குளிர் நாட்டினர் கனத்த உடை அணிகின்றனர். வீட்டைச் சூடாக வைத்துக்கொள்கின்றனர். மற்றவர்கள் அவ்வாறு செய்வதில்லை. இந்திய மரணப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வும், கடுங்குளிரையும் கடும் வெப்பத்தையும்விட மிதமான குளிருடன் தொடர்புடைய இறப்புகளே மொத்தத்தில் அதிகம் என்று கூறியது. பக்கவாத மரணங்களில் இத்தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. கடுங்குளிர் நாட்கள் சில. மிதமான குளிர் நாட்களோ பல என்பது இதற்கு முக்கியக் காரணமாகும்.

உடலில் நிகழ்வது என்ன?

குளிர் தாக்கும்போது, உட்சூட்டைக் காக்கும் பொருட்டுத் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. குறுகிய குழாய்களின் வழியே இரத்தத்தைச் செலுத்த இதயம் அதிக விசையுடன் இயங்க வேண்டியுள்ளது. எனவே இரத்த அழுத்தம் உயர்கிறது. வியர்வை குறைவதால் அதன் வழியே வெளியேறும் உப்பும் குறைகிறது. இரத்தத்தின் உறையும் தன்மையும் கூடுகிறது. பொதுவாகவே விடியற்காலையில் இரத்த அழுத்தம் ஏறுமுகமாக இருக்கும்; குளிரும் சேர்ந்துகொண்டால் ஆபத்து பெருகுகிறது. சளிக்காய்ச்சலுக்குப் பிந்திய முதல் வாரத்தில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு பன்மடங்கு உயர்வதும் அறியப்பட்டுள்ளது.

கோடையில் நிலைமை வேறு. வியர்வையால் உடலின் நீர் குறைந்து இரத்தம் தடிக்கிறது. அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர்களுக்கு இது மேலும் கவனத்திற்குரியது. ஆகவே பருவம் மாறும்போது இரத்த அழுத்தத்தை அளந்து, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டறிவது முறை. தாமாகவே மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் கூடாது.

உழைப்பாளர் குடும்பங்கள்

இருள் பிரியும் முன்பே கே.ஆர். மார்க்கெட்டில் பூச்சுமை இறக்குவோர், தெருக் கூட்டுவோர், பால் விநியோகிப்போர், இரவுக் காவலர் ஆகியோர் குளிரைத் தவிர்க்க இயலாதவர்கள். இவர்களில் ஒருவர் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தால், வருமானம் நின்றுபோவதோடு, அவரைப் பேணுவதற்காக வீட்டில் இன்னொருவரும் வேலையை விட நேரிடுகிறது. பிள்ளைகளின் படிப்பும் இடையில் நிற்கக்கூடும். இந்த இழப்போடு ஒப்பிட்டால், நாளொன்றுக்கு ஓரிரு மாத்திரைகளுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 'நம்ம கிளினிக்' மையங்களிலும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 30 வயது கடந்த அனைவருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிப்பது தேசியத் திட்டத்தின் ஓர் அங்கமாகும். 2017இல் தொடங்கிய இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, இம்மருந்துகள் தடையின்றிக் கிடைப்பதை நோக்கமாகக் கொண்டது.

கடைப்பிடிக்க வேண்டியவை

குளிர்காலத்தில் முதியோரும் இதய நோயாளிகளும் வெயில் ஏறிய பின்னர் நடைப்பயிற்சி செய்வது நலம். அதிகாலையில் வேலைக்குச் செல்வோர் தலை, காது, மார்பு ஆகியவற்றை மூடிக்கொண்டு, எடுத்தவுடன் பெருஞ்சுமை தூக்காமல் சிறிது சிறிதாக உடலைப் பழக்க வேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருத்தல் வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். மது குளிரைப் போக்கும் என்பது தவறான நம்பிக்கை. அது தோலைச் சூடாக்கி உட்சூட்டை வெளியேற்றுகிறது. புகையிலையை அறவே விடுதல் வேண்டும். சளிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். கோடையில் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துவது நல்லது; இதயம் பலவீனமானவர்கள் அதன் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் அவசியம்.

காலத்தின் அருமை

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன்பு, நேர்ந்தது அடைப்பா இரத்தக் கசிவா என்பதை ஸ்கேன் மூலம் அறிய வேண்டும். எனவே கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் 108 எண்ணை அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுதல் வேண்டும். பெங்களூருவில் 1974இல் உருவான நிம்ஹான்ஸ் நிலையம் மூளை நோய்களுக்கும், ஜெயதேவா நிலையம் இதய நோய்களுக்கும் சிகிச்சை அளிக்கின்றன.

நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவற்றை வாயுத் தொல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. 2021 அக்டோபர் 29 அன்று தமது 46ஆம் வயதில் மறைந்த நடிகர் புனீத் ராஜ்குமாரின் பெயரால் கர்நாடக அரசு அமைத்துள்ள 'இருதய ஜோதி' திட்டத்தில், தாலுகா மருத்துவமனையில் எடுக்கப்படும் இ.சி.ஜி. பெரிய மருத்துவமனையின் வல்லுநர்களுக்கு உடனே அனுப்பப்படுகிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசி அங்கேயே இலவசமாகப் போடப்படுகிறது.

அரசு வசதிகளைப் பெருக்கலாம். ஆனால் அறிகுறியை உணர்ந்து நோயாளியைக் காலத்தே கொண்டுசேர்ப்பவர்கள் குடும்பத்தாரும் அண்டை அயலாருமே ஆவர். குளிர் தொடங்கும் முன்பே வீட்டிலுள்ள பெரியோரின் இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பது இதற்கு நல்ல தொடக்கமாக அமையும்.