ஒளிப்படத் தெரிவும் மென்பொருளும்

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் இராபர்ட் ஃபிராங்க், 1955ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சுற்றிவரத் தொடங்கினார். அப்பயணங்களில் 767 படச்சுருள்களில் 27,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றிலிருந்து உருவாகி 1958இல் பாரிசில் வெளிவந்த ‘அமெரிக்கர்கள்’ என்னும் நூலில் இடம்பெற்றவையோ 83 படங்களே. ஏறத்தாழ 325 படங்களுக்கு ஒன்று என்னும் கணக்கு இது. ஆயிரம் அளவில் படிகள் அச்சிட்டு, சுவரில் குத்தியும் தரையில் பரப்பியும் பார்த்துப் பார்த்து அவர் படங்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். அவருடைய கலை என்று இன்று போற்றப்படுவதில் இந்தக் களைதலுக்கும் பெரும்பங்கு உண்டு.

படச்சுருள் காலத்தில் களைதலுக்கான கருவிகள் எளியவை. சுருளின் துண்டுகளை ஒளியுணர் தாளின்மேல் நேரடியாக வைத்து அச்சிட்டால், ஒரு சுருளின் படங்கள் அனைத்தும் ஒரே தாளில் சிறுசிறு கட்டங்களாகத் தோன்றும். உருப்பெருக்கி ஒன்றும் மெழுகுப் பென்சில் ஒன்றும் இருந்தால் போதும். பிடித்ததை வட்டமிடலாம், பிடிக்காததைக் குறுக்கே அடிக்கலாம். இக்கருவிகளைக் கையாள எவரும் பயிற்சி பெறவேண்டியிருக்கவில்லை.

எண்மப் படக்கருவி வந்தபின் நிலைமை மாறியது. 35 மி.மீ. சுருள் ஒன்றில் 36 படங்கள் எடுக்கலாம். 2017இல் வெளிவந்த சோனி ஆல்ஃபா 9 படக்கருவியோ ஒரு நொடிக்கு 20 படங்கள் எடுக்கவல்லது. ஒரு சுருளின் அளவு அதற்கு இரண்டு நொடிகூட இல்லை. விளையாட்டுப் போட்டியிலிருந்தோ திருமணத்திலிருந்தோ திரும்பும் ஒருவரிடம் சில ஆயிரம் படங்கள் சேர்ந்துவிடுகின்றன. செய்தித்தாளுக்குப் படம் அனுப்புபவர், போட்டி முடிவதற்கு முன்பே அவற்றுள் நல்லதைக் கண்டெடுத்தாக வேண்டும். உரிய நேரத்தில் கண்டெடுக்கப்படாத படம் எடுக்கப்படாத படத்துக்கு ஒப்பானது. இந்த நெருக்கடியில்தான் களைவதற்கும் தரமிடுவதற்குமான மென்பொருள்கள் பயன்படுகின்றன.

காத்திருப்பின் விலை

ஒரு பொருளின் பயன்பாட்டு எளிமையை, குறித்த பயனர்கள் குறித்த சூழலில் தம் நோக்கத்தை எவ்வளவு நிறைவாகவும் விரைவாகவும் மனநிறைவோடும் எய்துகின்றனர் என்பதைக் கொண்டு ஐ.எஸ்.ஓ. 9241 என்னும் பன்னாட்டுத் தரநிலை வரையறுக்கிறது. படத்தெரிவில் இவற்றுள் முதலில் சோதனைக்கு உள்ளாவது விரைவே.

தொழில்முறைக் கலைஞர்கள் பெரும்பாலும் ‘ரா’ வடிவில் படம் எடுக்கின்றனர். படக்கருவியின் உணரி பதிவுசெய்த தரவு, முழுமையாகப் பதப்படுத்தப்படாமல் இக்கோப்பில் இருக்கும். அதைக் கண்ணுக்குரிய படமாக மாற்றக் கணினிக்கு நேரம் பிடிக்கும். ஒரு படத்துக்கு இரண்டு நொடி என்று கொண்டால், 3,000 படங்களுக்கு 100 நிமிடங்கள் வெறும் காத்திருப்பிலேயே கழிந்துவிடும். ஆனால், பெரும்பாலான ரா கோப்புகளுக்குள் படக்கருவி தானே ஆக்கிய ஜேபெக் படம் ஒன்றும் பொதிந்திருக்கிறது. 1998இல் வெளிவந்த ‘ஃபோட்டோ மெக்கானிக்’ என்னும் மென்பொருள் அந்தப் படத்தையே எடுத்து உடனுக்குடன் காட்டியது. திருத்தும் வசதிகளில் பின்தங்கியிருந்தும், செய்தி, விளையாட்டு ஒளிப்படக் கலைஞர்களிடையே அது நிலைபெற இதுவே தலையாய காரணம்.

பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், 1993இல் வெளியிட்ட நூலில் மூன்று எல்லைகளைக் குறிப்பிடுகிறார். 0.1 நொடிக்குள் விடை வந்தால் பயனர் அதை உடனடி என உணர்வார். 1 நொடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைக் கடந்தால் கவனம் வேறிடம் செல்லும். களைதலில் நாம் பெரும்பாலும் ஒரு படத்தை முந்தைய படத்தோடு ஒப்பிடுகிறோம். அடுத்த படம் தாமதித்தால் முந்தையது நினைவில் மங்கிவிடும். தீர்ப்பின் தரமும் அதனோடு குறையும்.

விரலும் விசையும்

அடோபி நிறுவனத்தின் ‘லைட்ரூம்’ மென்பொருளில் ‘பி’ விசை ஏற்பையும், ‘எக்ஸ்’ விசை விலக்கலையும், ‘யு’ விசை குறிநீக்கத்தையும் தரும். 1 முதல் 5 வரையுள்ள எண்கள் விண்மீன்களாகும். ‘கேப்ஸ் லாக்’ விசையை இயக்கிவைத்தால், குறியிட்டவுடன் அடுத்த படம் தானே முன்வரும். களைபவரின் உழைப்பில் பாதியை மிச்சப்படுத்தும் வசதி இது. எனினும் எழுத்துகளைப் பெரிதாக்கும் விசைக்குள் இப்படியொரு பயன் ஒளிந்திருப்பதை யார் ஊகிக்கக்கூடும்?

ஐந்து விண்மீன் முறையும் முதற்பார்வைக்குப் பொருந்துவதில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் என்ன வேறுபாடு? காலையில் நான்கு பெற்ற படம், கண் களைத்த மாலையில் மூன்றாகிவிடலாம். வேண்டும், வேண்டா என்னும் இருவகைப் பிரிப்பே முதற்சுற்றுக்கு ஏற்றது. தரவரிசை எஞ்சியவற்றுக்கு இருந்தால் போதும். ‘விலக்கு’ என்னும் கட்டளை உடனே அழித்துவிடாமல் குறியிடுவதோடு நிற்பதும் இன்றியமையாதது. கை தவறினாலும் மீளலாம் என்னும் உறுதி இருந்தால்தான் விரல் தயங்காமல் இயங்கும்.

குறிகள் குடியிருக்கும் இடம்

பலரும் கவனியாத வினா ஒன்று உண்டு: நாம் இட்ட குறிகள் எங்கே சேமிக்கப்படுகின்றன? 2001இல் அடோபி அறிமுகப்படுத்திய எக்ஸ்.எம்.பி. முறையில், தரக்குறியைப் படக்கோப்பிலோ அதன் அருகில் வைக்கப்படும் துணைக்கோப்பிலோ எழுதலாம். தரம் 0 முதல் 5 வரை, விலக்கப்பட்டதற்கு −1. இம்முறையை அறிந்த எந்த மென்பொருளும் அதைப் படித்துக்கொள்ளும். சில மென்பொருள்களோ குறிகளைத் தம் தரவுத்தளத்திலேயே வைத்துக்கொள்கின்றன. துணைக்கோப்பில் எழுதும் அமைப்பைப் பயனர் தேடிப்பிடித்து இயக்கவேண்டும். வண்ணக்குறிகளில் வேறொரு சிக்கல். அவை நிறமாக அன்றி, நிறத்தின் பெயராகவே எழுதப்படுகின்றன. ஒரு மென்பொருள் ‘சிவப்பு’ என்று எழுதியதை மற்றொன்று வேறு பெயரால் அழைக்குமாயின் அக்குறி பொருளற்றதாகிவிடும்.

ஆப்பிள் நிறுவனம் 2005இல் வெளியிட்ட ‘ஆப்பர்ச்சர்’ மென்பொருளின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக 2014இல் அறிவிப்பு வந்தது. அதில் ஆண்டுக்கணக்கில் களைந்தும் தரமிட்டும் வைத்திருந்தோர், படங்களோடு தம் தீர்ப்புகளையும் வேறிடத்துக்குப் பெயர்க்க வேண்டியவராயினர். தீர்ப்பு படத்தோடு பயணம் செய்கிறதா என்பதையும் பயன்பாட்டு எளிமையின் பகுதியாகவே கருதவேண்டும்.

இயந்திரம் களைகையில்

அண்மைக்காலத்தில் செயற்கை நுண்ணறிவே முதற்சுற்றுக் களைதலைச் செய்துதருகிறது. ஒன்றுபோன்ற படங்களைத் தொகுப்பது, குவியம் தவறியவற்றைச் சுட்டுவது, கண்மூடிய முகங்களைக் கண்டறிவது ஆகியவற்றில் அது மனிதரைவிட விரைவானது. முதலிரண்டும் பெரிதும் அளந்தறியத்தக்கவை. மூன்றாவது அத்தன்மையது அன்று. குழுப்படத்தில் கண்மூடியிருப்பது குறை. இசையில் ஆழ்ந்து பாடுபவரின் மூடிய கண்களோ அந்நிகழ்வின் உயிர்ப்பகுதி. கண்மூடிய படங்களைத் தனித்தொகுதியாக ஒதுக்கி, காரணத்தையும் காட்டும் மென்பொருளில் அப்பாடகரின் படத்தை மீட்க ஒரு விசை போதும். காரணம் கூறாமல் ஆயிரத்தை இருநூறாக்கித் தருவதில், அவ்வாறு ஒரு படம் எடுக்கப்பட்டதே எடுத்தவரின் நினைவுக்கு வராமல் போய்விடும்.